மூக்குக் குழாய் வழியாக வீட்டில் பால் கொடுப்பது எப்படி?

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். ரைல்ஸ் டியூப் என்பார்கள். பினாங்கு வீட்டில் அம்மாவுக்கு நான் இப்படித்தான் பால் கொடுக்கிறேன். குழாய் போடுவது தாதியின் வேலை. கழன்று வந்துவிட்டால் பயிற்சியில்லாமல் நீங்களே திரும்பச் செருக வேண்டாம். ஒவ்வொரு வேளையும் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊட்டுவதே நம் வேலை.

குழாயில் சென்டிமீட்டர் எண்கள் இருக்கும். மூக்குத் துவாரத்தின் விளிம்பில் எந்த எண் வருகிறது என்று தாதியிடம் கேட்டு, எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அம்மாவுக்கு 55. எண் மாறியிருந்தால் பால் கொடுக்கக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மத்தியானத்துக்குள் மூக்கில் ஒட்டிய பிளாஸ்டர் வியர்வையில் நழுவிவிடும். தோலை நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு புதிதாக ஒட்டுங்கள்.

எண் சரியாக இருந்தாலும், இருமலிலோ வாந்தியிலோ குழாயின் நுனி மேலே வந்து தொண்டையில் சுருண்டிருக்கலாம். அதனால் சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வரும் நீரை பிஎச் தாளில் (அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் தாள்; அமிலம் கூடினால் எண் குறையும்) விட்டுப் பாருங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஊட்டலாம். லிட்மஸ் தாள் வாங்காதீர்கள், அதில் எண் தெரியாது.

நான் திணறியது இங்கேதான். ஒருநாள் தாள் 6 காட்டியது, குழாயோ அசையவே இல்லை. அம்மா சாப்பிடும் ஓமெப்ரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைப்பதால் எண் ஏறும் என்று பிறகுதான் தெரிந்தது. பால் கொடுத்த சூட்டோடு சோதித்தாலும் ஏறும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். நீரே வரவில்லையா? இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 10 முதல் 20 மி.லி. காற்றைச் செலுத்தி, கால் மணி நேரம் கழித்து இழுங்கள். அப்படியும் வராவிட்டால், அல்லது எண் இறங்காவிட்டால், ஊட்டாமல் மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்டால் போதும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். குழாய் நுரையீரலுக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

சரி, இனி பால். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். 60 மி.லி. சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, பால் தானாக இறங்கும்படி பிடியுங்கள். தண்டால் அழுத்துவது எனக்குப் பிடிக்காது. வேகமாக இறங்கினால் குமட்டும். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்துங்கள்; திணறல் அடங்காவிட்டால் மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள். முடிந்ததும் மறுபடி 30 மி.லி. தண்ணீர், அப்புறம் ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: மாத்திரை பற்றிப் பலர் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து விடுங்கள். பாலில் கலக்காதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மருந்தாளரிடம் மாற்று கேளுங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் போலிருந்தால், வயிற்றிலேயே போடும் பெக் குழாய் பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச்செடுங்கள்.