கட்டகானாவில் என் பெயர்

ஜப்பானின் கியோத்தோவுக்குப் பரிமாற்ற மாணவனாகச் சென்ற முதல் மாதமே என் உதவித்தொகை வங்கிக் கணக்கில் சேராமல் திரும்பிவிட்டது. குடியேறிய 14 நாள்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்து நிம்மதியாக இருந்த எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

வசிப்பு அட்டையில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி ரோமன் எழுத்தில் இருந்தாலும், உள்நாட்டு வங்கிப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணோடு, கட்டகானாவில் (பிறமொழிச் சொற்களை எழுத உதவும் ஜப்பானிய எழுத்துமுறை) எழுதிய பெயரும் பொருந்த வேண்டும். 'செந்தில்' என்பதை வங்கியில் 'சென்திரு' என்று பதிந்திருக்க, பல்கலைக்கழகப் படிவத்தில் நானே 'சென்ச்சிரு' என்று எழுதியிருந்தேன். (ஜப்பானிய மொழியில் 'ல்' இல்லாததால் இரண்டிலும் 'ரு' வந்தது, அதற்கு யாரை நோவது?)

கணக்குப் புத்தகத்தின் உள்பக்கத்தில் அச்சாகியிருந்த பெயரைப் படமெடுத்து, இடைவெளி உட்பட அப்படியே பார்த்தெழுதிப் புதிய படிவம் கொடுத்தேன். மறுவாரமே பணம் வந்தது. அந்தப் படம் இன்றும் என் கைப்பேசியில் இருக்கிறது.