செட்டிநாட்டு வீட்டில் ஹெவி மெட்டல் ராக் ஆல்பம் கேட்க

வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான இடத்தில், ஸ்பீக்கர் வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லும் வழவழச் சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். இரண்டு காலாலும் வேகமாக அடிக்கும் டபுள் பேஸ் டிரம் அடிகள் குழைந்து வெறும் இரைச்சலாகிவிடும். உள்ளறைதான் சரி. கைதட்டிப் பாருங்கள்: ‘கிண்’ என்று இழுத்தால் தரையில் கனமான ஜமக்காளம், எதிர்ச்சுவரில் தடித்த போர்வை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் (அடித்தொண்டை போன்ற கனத்த ஒலி) ஊதிவிடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 6 அடி என்றால் நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் 6 அடியில் உட்காருங்கள்.

அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) போட்டுவிட்டு பேஸ் கிட்டார் காணோமே என்று பேஸ் குமிழைத் திருகாதீர்கள். கருவிகளின் ஒலியளவைச் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸிங்கிலேயே அதை அமுக்கிவிட்டார்கள், திருகினால் காலால் அடிக்கும் கிக் டிரம்தான் வீங்கும். அருமையான பாட்டுகள், அந்தக் குறை மட்டும் இன்றும் உறுத்துகிறது.

கருத்துச் சொல்ல ‘செம’, ‘மொக்கை’ போதாது. எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம், எந்தக் கருவி என்று குறித்துக்கொண்டு பேசுங்கள்.