ரயிலில் ஆறு பேர் ஆட லிட்ரேச்சர்: மேஜையே வேண்டாத சீட்டாட்டம்

ஊருக்குப் போகும்போது பையில் சீட்டுக்கட்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் ரயிலில் உட்கார்ந்ததும் எல்லோரும் ரம்மியைத்தான் ஆரம்பிக்கிறார்கள். ரம்மிக்கு நடுவில் கட்டு வைக்க வேண்டும், கழித்த சீட்டை வைக்க வேண்டும், ஜோக்கரைத் திருப்பி வைக்க வேண்டும். ஸ்லீப்பர் பெட்டியில் மேலே ஃபேன், பக்கத்தில் திறந்த ஜன்னல், ஒரு வளைவு வந்தால் பாதி சீட்டு இருக்கைக்கு அடியில் செருப்புகளுக்கு நடுவில் கிடக்கும். லிட்ரேச்சரில் இந்தத் தொல்லை இல்லை. ஆட்டம் முழுக்க சீட்டு கையில்தான் இருக்கும், வாயால் கேட்டு வாங்குவதுதான் ஆட்டமே. எதிரெதிரே மூன்று மூன்று பேர் உட்காரும் அமைப்பும் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஜி.டி. எக்ஸ்பிரஸ், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மாதிரி முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் வண்டிகளில் டெல்லி போகிறவர்கள் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள்.

கட்டு

முழு பிளாஸ்டிக் கட்டு வாங்குங்கள். அட்டைக் கட்டு வேண்டவே வேண்டாம், ஒரு டீ சிந்தினால் முடிந்தது. பிளாஸ்டிக்கை வாஷ்பேசினில் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி ஆடலாம். அளவில் பிரிட்ஜ் சைஸ்தான் என் விருப்பம். போக்கர் சைஸைவிட அகலம் குறைவு, கையில் விசிறி மாதிரி பிடிக்க வசதி. மூலையில் எண் பெரிதாக அச்சடித்த கட்டாகப் பாருங்கள், ராத்திரி ரயில் வெளிச்சத்தில் கிளாவரும் ஸ்பேடும் குழம்பாது.

சீட்டு போடுவது

52 சீட்டிலிருந்து நான்கு 8-களையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் 48, ஆளுக்கு 8. இப்போது ஒவ்வொரு ஜாதியும் (ஸ்பேட், கிளாவர், ஹார்ட், டைமண்ட்) இரண்டு செட்டாகப் பிரிகிறது: 2 முதல் 7 வரை கீழ் செட், 9 முதல் ஏஸ் வரை மேல் செட். ஆக மொத்தம் 8 செட், ஒவ்வொன்றிலும் 6 சீட்டு. எந்த அணி அதிக செட் பிடிக்கிறதோ அதற்கு ஜெயம்.

மூன்று பேர் ஒரு அணி. ஒரே இருக்கையில் ஒரே அணி உட்கார வேண்டாம், பக்கத்தில் இருப்பவரின் சீட்டு கண்ணில் படத்தான் செய்யும். மாற்றி மாற்றி உட்காருங்கள், சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

கேட்பது

உங்கள் முறை வந்தால், எதிரணியில் ஒருவரிடம் குறிப்பிட்ட ஒரு சீட்டைக் கேட்க வேண்டும். நிபந்தனை இரண்டு. அந்த செட்டில் ஏதாவது ஒரு சீட்டாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். கேட்கிற சீட்டு உங்களிடம் இருக்கக் கூடாது. அவரிடம் இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும், நீங்கள் தொடர்ந்து கேட்கலாம். இல்லையென்றால் முறை அவருக்குப் போய்விடும். சொந்த அணியில் யாரிடமும் கேட்கக் கூடாது.

ஆட்டத்தின் உயிரே அந்த இரண்டு நிபந்தனையில்தான் இருக்கிறது. என் அணியில் சித்தப்பாவும் மதினியும், எதிரணியில் அண்ணன், அத்தை, மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கையில் ஸ்பேட் 9, ராஜா. நான், "அண்ணே, ஸ்பேட் ராணி இருக்கா?" என்று கேட்கிறேன். இல்லை என்கிறார். முறை அவருக்கு. அவர் சித்தப்பாவிடம் ஸ்பேட் ஏஸ் கேட்கிறார், அங்கேயும் இல்லை. இப்போது அண்ணனிடம் ஸ்பேட் மேல் செட்டில் ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும். ராணி இல்லை என்று அவரே சொன்னார், ஏஸ் இருந்தால் கேட்டிருக்க முடியாது, 9-உம் ராஜாவும் என்னிடம். அப்படியென்றால் 10 அல்லது ஜாக், இல்லை இரண்டுமே. ஒரு சீட்டுகூட கைமாறாமல் இவ்வளவு தெரிந்துவிட்டது! இந்த ருசி பிடிபட்டால் அப்புறம் வேறு ஆட்டத்துக்கு மனசு போகாது.

எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாகக் கேட்ட கேள்வியையும் பதிலையும் மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லலாம், அதற்கு முந்தையது எல்லாம் நினைவில்தான். ரயில் இரைச்சலில் "என்ன கேட்டே?" என்ற சண்டை வராமல் இருக்க, ஆள், ஜாதி, சீட்டு என்ற வரிசையில் சத்தமாகக் கேட்கும் பழக்கத்தை முதல் ஆட்டத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

செட் சொல்வது: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

ஒரு செட்டின் ஆறு சீட்டும் உங்கள் அணிக்குள் வந்துவிட்டது என்று தெரிந்தால், உங்கள் முறையில் செட் சொல்லலாம். ஆனால் "எங்ககிட்ட இருக்கு" என்றால் போதாது. "9, 10, ராஜா என்கிட்ட, ஜாக், ஏஸ் மதினிகிட்ட, ராணி சித்தப்பாகிட்ட" என்று ஆறையும் யாரிடம் என்று சொல்ல வேண்டும், மற்ற இருவரும் முகத்தில்கூட எதுவும் காட்டக் கூடாது. சரியென்றால் செட் உங்களுக்கு. ஒரு சீட்டு எதிரணியில் இருந்துவிட்டால் செட் அவர்களுக்கு. ஆறும் உங்கள் அணியிலேயே இருந்து, ஆளை மாற்றிச் சொல்லிவிட்டால் செட் யாருக்கும் இல்லை.

மாட்டுவது கடைசியில் சொன்னதில்தான். எதிரணியில் ராணி இல்லை என்று உறுதியாகத் தெரியும், ஆனால் இருப்பது சித்தப்பாவிடமா மதினியிடமா? கேட்கவும் முடியாது. அவசரப்பட்டுக் குருட்டாம்போக்கில் சொல்லாதீர்கள். மதினி கெட்டிக்காரர் என்றால், தன் முறையில் வேண்டுமென்றே எதிரணியில் ஒருவரிடம் ஸ்பேட் ராணியைக் கேட்பார். கிடைக்காது என்று அவருக்கே தெரியும். அவரிடம் ராணி இல்லை, அப்படியானால் சித்தப்பாவிடம்தான் என்று நமக்குச் சொல்லிவிட்டார். இதற்கு விலை, முறை எதிரணிக்குப் போய்விடும். அதனால் எதிரணி எந்த செட்டையும் முடிக்கும் நிலையில் இல்லாத நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்த உத்தியைத்தான்.

செட் சொல்லிக் கை காலியாகிவிட்டால், சீட்டு இருக்கும் உங்கள் அணிக்காரர் ஒருவருக்கு முறையைக் கொடுங்கள். ஒரு அணி முழுக்கக் காலியானால் கேட்க ஆளில்லை, மிச்ச செட்டுகளை மற்ற அணி சொல்லி முடிக்க வேண்டும்.

காசு வைத்து ஆடாதீர்கள், அது தேவையே இல்லாத ஆட்டம் இது. ராத்திரி பத்து மணியானால் மிடில் பெர்த்தைப் போட்டுவிடுவார்கள், அதற்கு முன்பே கடைசி ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

சைடு பெர்த்தில் இரண்டு பேரையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக. எட்டுப் பேர், நான்கு நான்கு பேராக இரண்டு அணி, ஆளுக்கு 6 சீட்டு. யாரிடம் எது என்பது இன்னும் சிக்கலாகும், அதனால் ஆட்டம் பழகின பிறகு போங்கள்.

சீட்டு தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொரு கேள்வி. ஜோக்கரைத் தூக்கிப் போடாமல் கட்டோடு வைத்திருங்கள். தொலைந்த சீட்டுக்குப் பதில் அதுதான் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

நான்கு பேர்தான் என்றால் ஆளுக்கு 12 சீட்டு போட்டு ஆடலாம், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. என்னிடமும் இல்லை, எதிரணியிலும் இல்லையென்றால் கூட்டாளியிடம்தான், யோசிக்க ஒன்றும் இல்லை. நான்கு பேருக்கு 28 அல்லது 304 என்ற சீட்டாட்டங்களை ஆடுங்கள். அவற்றுக்குச் சீட்டை இறக்க இடம் வேண்டும்தான், சூட்கேஸை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி மேலே ஒரு துண்டை நான்காக மடித்து விரித்தால் சீட்டு வழுக்காது.