முழங்கால் நோவோடும் பூநாரை பார்க்கலாம்: வயதான அம்மா அப்பாவுடன் இலங்கை வடக்கின் நீர்நிலைகளுக்குப் போவோருக்கு

முதல் தடவை அம்மாவை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது பின்னேரம் மூன்று மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த போத்தல் மூடி திறக்காமல் மடியிலேயே கிடந்தது. ஏனம்மா என்று கேட்டேன். "உந்த வெளியில எங்க போய் ஒதுங்கிறது? அதுக்குத்தான் குடிக்கேல்லை" என்றார். தலைச்சுற்றோடு வான் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நூறு யார் தள்ளி, முழங்கால் அளவு நீரில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்வந்துவிட்டோம். அம்மாவுக்கு இப்போது 79 வயது. ஒரு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது, மற்றது செய்ய இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு பயணத்திலும் என்னைவிட அதிகம் பறவை பார்த்தது அவர்தான். நான் மாற்றியது திட்டம் போடும் ஒழுங்கை மட்டுமே. முன்பு பறவை எங்கே என்று தேடிவிட்டு மற்றதையெல்லாம் பிறகு யோசித்தேன். இப்போது மலசலகூடம் எங்கே, கதிரை எங்கே போடலாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வடக்கில் இதற்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. றோட்டே தண்ணீருக்குள் போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குப் போகிற பண்ணைப் பாலம், வடமராட்சிக்குப் போகிற வழியில் வல்லைவெளி, மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிற நீண்ட தாம்போதி, இந்த மூன்றிலும் வாகனத்தை விட்டு இறங்காமலே நீர்ப்பறவைகளைப் பக்கத்தில் பார்க்கலாம். பறவைகள் மனித உருவத்தைக் கண்டால் எழும்பும். நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால் வாகனத்திலேயே இருப்பவருக்குச் சில நேரம் நடந்து போகிறவரைவிட நல்ல காட்சி கிடைக்கும். நடக்க முடியாத அம்மா அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போக எந்த நியாயமும் இல்லை.

காலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட விடுமுறையையும் நல்லூர்த் திருவிழாவையும் பார்த்து யூலை, ஓகஸ்டில்தான் ரிக்கெற் எடுக்கிறார்கள். அப்போது சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) புழுதியை அள்ளி வீசும், ஆழமில்லாத நீர்நிலைகள் பல வற்றிக் கிடக்கும், வடக்கு நாடுகளிலிருந்து வரும் பறவைகளில் பெரும்பாலானவை இங்கே இராது. வலசைப் பறவைகள் மாரி தொடங்கும் காலத்தில் வரத் தொடங்கி, பங்குனி சித்திரையோடு திரும்பிவிடும். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. தைப்பொங்கலுக்குப் பிறகு மாசி முடியும் வரைதான் முதியவர்களுக்கு ஏற்ற காலம்: மழை ஓய்ந்திருக்கும், நீர் இருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிராது. விடியப்புறம் தாம்போதியில் வாடை குளிரும். கனடாக் குளிரைக் கண்டவர்கள்தானே என்று நினைத்து விடாதீர்கள், ஒரு சால்வை எடுங்கள்.

நேரம், காலை ஆறேகாலிலிருந்து எட்டரை வரை, அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. இடைப்பட்ட நேரத்தில் வெளியில் நிற்கவே வேண்டாம். ஒரு நாளில் காலை அல்லது மாலை, ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் செய்த அன்று அம்மாவின் கால் வீங்கிவிட்டது.

முதல் முயற்சிக்கு நான் பண்ணையைத்தான் சொல்வேன். யாழ் நகரிலிருந்து பத்து நிமிடம். ஏலாமல் போனால் உடனே வீட்டுக்குத் திரும்பலாம். அங்கே வானை விட ஓட்டோ நல்லது: படி உயரம் குறைவு, இரு பக்கமும் திறந்திருக்கும், மெதுவாகப் போகும். காலையில் போகும்போது நிற்காமல் தீவகப் பக்கத்து முனை வரை போய், அங்கே திருப்பி, யாழ்ப்பாணத்தை நோக்கி ஆறுதலாக வாருங்கள். எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. திரும்பி வரும்போது உங்கள் இடக்கைப் பக்கம் வடக்கு, வடமேற்குக் கடல்நீரேரி வரும். காலைச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். போகும் வழியில் பார்த்தால் எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். கண்ணில் கற்றரக்ற் (கண்புரை) உள்ளவர்களுக்கு அந்தக் கூச்சம் பெரிய தொல்லை. முதியவரை எப்போதும் இடப்பக்கம் இருத்துங்கள். இறங்க நேர்ந்தாலும் றோட்டுப் பக்கம் இல்லாமல் கரைப் பக்கம் இறங்கலாம். வானின் இழுவைக் கதவும் அந்தப் பக்கம்தான்.

ஓட்டுநரிடம் புறப்பட முன்பே பேசிக்கொள்ளுங்கள். "தம்பி, வாகனத்தை ஓரங்கட்ட இடம் இருக்கிற இடத்தில மட்டும் நிப்பாட்டுங்கோ. நிண்டவுடன எஞ்சினை நிப்பாட்டுங்கோ, ஹோர்ன் அடிக்க வேண்டாம்." எஞ்சின் ஓடினால் வாகனம் அதிரும், பைனாகுலரில் ஒன்றும் நிலையாகத் தெரியாது. காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் காசு பேசுங்கள். அப்போதுதான் அவர் அவசரப்படமாட்டார், அம்மாவும் "பாவம் அந்தப் பெடியன், போவம்" என்று சொல்லமாட்டார்.

மன்னார் வேறு கணக்கு. அங்கேயுள்ள வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமாகி, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தரவை (புல்வெளி), சேற்றுநிலம், உவர்நீர், கண்டல் காடு எல்லாம் அடுத்தடுத்துக் கிடப்பதால் ஒரே இடத்தில் பல வகைப் பறவைகள். ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஆலாக்கள் தலைக்கு மேல் பறக்கும். பூநாரையைத் தூரத்தில் பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். "இதுவா சிவப்பு?" என்று அம்மா கேட்டார். சிறகை விரிக்கும்போதுதான் அந்த இளஞ்சிவப்பும் கறுப்பும் தெரியும். அதற்காகக் கல் எறிந்தோ கை தட்டியோ கிளப்பக் கூடாது. பொறுத்திருந்தால் தானே விரிக்கும். ட்ரோன் பறக்கவிட்டுப் பறவைக் கூட்டத்தைக் கலைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிகிறது. அடுத்த வலசைக்குத் தேவையான கொழுப்பைச் சேர்க்கத்தான் அவை இங்கே மேய்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னாருக்கு ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் பலர். வயதானவர்களோடு அப்படிச் செய்யாதீர்கள். மன்னார் ரவுணில் ஒரு இரவு தங்குங்கள். அறை பதிவு செய்யும்போது நேரடியாகக் கேளுங்கள்: கீழ்மாடியா, கொமட் உண்டா, குளியலறையில் பிடிக்க ஏதும் இருக்கிறதா? இணையத்தில் படம் பார்த்து நம்பி நான் எடுத்த ஒரு அறைக்குப் பதினெட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. தாம்போதியில் மலசலகூடம் கிடையாது. அறையில் போய்விட்டுப் புறப்பட்டு, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அறைக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரம் தெரிந்தால் அவர்கள் பயப்படாமல் தண்ணீர் குடிப்பார்கள். சலம் போவதற்கான குளிசை எடுப்பவர்கள் என்றால், அந்த நாளில் அதை எப்போது எடுக்கலாம் என்று புறப்பட முன்பே டொக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். பையில் இரண்டு பக்கெற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) இருக்கட்டும். அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்தையும் பார்க்க ஆசை வரும். நல்ல இடம், தாமரைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் இலைகளுக்கு மேல் நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் குளக்கட்டு மண்ணும் கல்லும். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகும் சக்கர நாற்காலியின் மெல்லிய சில்லு அதில் புதையும். நான் தள்ளிப் பார்த்து ஐம்பது அடியில் விட்டுவிட்டேன். அங்கே உதவியது சித்தி வீட்டிலிருந்து எடுத்துப்போன கைபிடி வைத்த பிளாஸ்ரிக் கதிரைதான். வாகனம் போகக்கூடிய இடத்தில் நிறுத்தி, பக்கத்திலேயே அதைப் போட்டு இருத்துங்கள். முழங்கால் நோ உள்ளவர்கள் எழும்பும்போது ஊன்றக் கைபிடி வேண்டும், கைபிடி இல்லாத மடக்கு ஸ்டூல் சரிவராது. வானில் ஏற ஒரு சின்ன மரப்பலகையோ கட்டை ஸ்டூலோ போடுங்கள். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது, அழகான இடம்தான், ஆனால் முதுகு நோ உள்ளவரை அந்த றோட்டுக் குலுங்கலுக்குக் கொண்டுபோகமாட்டேன்.

பைனாகுலரைப் பற்றிக் கொஞ்சம். 10 மடங்கு பெருக்குவதை வாங்காதீர்கள், கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும். 8 மடங்கு, 32 மில்லிமீற்றர் வில்லை போதும், பாரமும் குறைவு. கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணுக்கும் வில்லைக்கும் இடைத்தூரம் குறைந்தது 15 மில்லிமீற்றர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இறப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டால் கண்ணாடியோடே முழு வட்டமும் தெரியும். கழுத்து நோ இருந்தால் தோளில் மாட்டும் வார். முழங்கை இரண்டையும் வான் யன்னலிலோ, மடியில் வைத்த தலையணையிலோ ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் வீட்டு முற்றத்தில் ஒரு காகத்தை வைத்துப் பழக்கிவிட்டுப் போவது நல்லது. தாம்போதியில் நின்று முதல் முறை திருகத் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் "எனக்கு ஒண்டும் தெரியேல்லை, நீயே பார்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். வயதாகும்போது கீச்சென்ற மெல்லிய குரல்கள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். அதனால் காட்டுச் சிறு குருவிகளைவிட, உருவத்தில் பெரிய நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எந்த அவசரத்துக்கும் றோட்டை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கின் சில இடங்களில் இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையைக் கண்டால் அங்கேயே திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும் மிதிபட்ட பாதையை விடாதீர்கள். இராணுவ முகாம், காவலரண் பக்கம் கமெராவைத் திருப்ப வேண்டாம்.

அப்புறம், ஒரு கொப்பி கொண்டுபோங்கள். நான் கைத்தொலைபேசியில் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது வல்லைவெளியில் ஒரு குரல் கேட்டது. அம்மா உடனே, "ஆட்காட்டி. ஆரோ வயலுக்க இறங்கியிருக்கினம்" என்றார். உண்மையாகவே தூரத்தில் ஒருவர் மாடு சாய்த்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடமாக அந்தக் குரலைக் கேளாத ஒருவர் சொன்னது அது. பிறகு வீட்டுக்கு வரும் வரை பேசிக்கொண்டே வந்தார்: எந்தக் கொக்கு எந்த மாதம் வயலுக்கு வரும், செம்பருந்தைக் கண்டால் அம்மம்மா என்ன செய்வா, எந்தக் குளத்தில் தாராவுக்குக் கண்ணி வைத்தார்கள். எல்லாவற்றையும் அவர் சொன்ன பெயரிலேயே எழுதினேன். புத்தகப் பெயரைப் பிறகு பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். திகதியும் இடமும் மறக்காமல் எழுதுங்கள். ஊரில் இருக்கும் பெரியம்மா, மாமா யாருக்கும் வர விருப்பமா என்றும் கேட்டுப் பாருங்கள். வானில் எப்படியும் இரண்டு இருக்கை சும்மாதான் இருக்கும்.