கடலடிப் படிவின் தன்மையை எதிரொலியிலிருந்து கணக்கிடுவது எப்படி?

கப்பலிலிருந்து நீருக்குள் அனுப்பப்படும் ஒலித்துடிப்பு, கடலடியிலும் அதற்குக் கீழுள்ள படிவு அடுக்குகளின் எல்லைகளிலும் பட்டு, ஒவ்வோர் எல்லையிலிருந்தும் ஒரு பங்கு திரும்பி வருகிறது. அது திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஆழத்தைச் சொல்கிறது. திரும்பிய ஒலியின் வலிமையோ அங்கே கிடப்பது சேறா, மணலா என்பதைச் சொல்கிறது. புதிதாகக் கற்பவர்களில் பலர் அடுக்குகளைப் படமாக வரைவதோடு நின்றுவிடுவதால், இந்த விளக்கத்தில் வலிமையைக் கொண்டு கணக்கிடும் வழிக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

படி 1: ஒலிமூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

அதிர்வெண் கூடக்கூட மெல்லிய அடுக்குகளும் பிரிந்து தெரியும். ஆனால் ஒலி ஆழமாக இறங்காது. பிரித்தறியக்கூடிய தடிமன் ஏறத்தாழ அலைநீளத்தின் கால் பங்கு என்று கொள்ளலாம். ஒலியின் வேகம் வினாடிக்கு 1500 மீட்டர் என்றால், 50 ஹெர்ட்ஸில் அது 7.5 மீட்டர், 3.5 கிலோஹெர்ட்ஸில் 11 சென்டிமீட்டர். எனவே எண்ணெய் தேடுவோர் பயன்படுத்தும், தாழ்ந்த அதிர்வெண் கொண்ட காற்றுத்துப்பாக்கி (அழுத்தக் காற்றை நீருக்குள் வெளியேற்றி ஒலி எழுப்பும் கருவி) நமக்கு உதவாது. மேலே உள்ள சில பத்து மீட்டர் படிவுக்கு, அதிர்வெண் மாறிக்கொண்டே செல்லும் துடிப்பை அனுப்பும் சிர்ப் கருவியோ, மின்னாற்றலால் உலோகத் தகட்டை அதிரவைத்து ஒலி எழுப்பும் பூமர் கருவியோதான் ஏற்றது. கடலடி மணலாக இருந்தால் சிர்ப் ஒலி விரைவில் வலுவிழந்துவிடும் என்பதால், அங்கே பூமரையே தேர்ந்தெடுப்பேன்.

படி 2: வலிமை கெடாமல் பதிவு செய்யுங்கள்

அலை அடங்கிய நாளில், ஒன்றையொன்று வெட்டும் கோடுகளில் கப்பலைச் செலுத்துங்கள். ஒலிமூலத்தின் ஆற்றலையும் பெருக்க அளவையும் இடையில் மாற்றக் கூடாது. திரையில் படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று தானியங்கிப் பெருக்கத்தைப் பயன்படுத்தினால், வலிய எதிரொலியும் மெலிந்த எதிரொலியும் ஒரே அளவுக்கு வந்து, பின்னர் எந்தக் கணக்காலும் மீட்க முடியாதபடி தகவல் அழிந்துவிடும். ஆகவே திரைக்கு என்ன செய்தாலும், மூலப்பதிவைத் தொடாமல் செக்-ஒய் (SEG-Y, எதிரொலித் தரவுக்கான பொதுக் கோப்பு வடிவம்) வடிவில் சேமியுங்கள்.

படி 3: நேரத்தை ஆழமாக மாற்றுங்கள்

வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். எதிரொலி 40 மில்லிவினாடியில் வந்தால் ஆழம் 30 மீட்டர்.

படி 4: எதிரொலிப்புக் குணகத்தைக் கண்டறியுங்கள்

கடலடியில் பட்ட ஒலியில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்பதே இந்தக் குணகம். அனுப்பிய ஒலியின் வலிமை துல்லியமாகத் தெரியாதபோதும் இதைக் கணக்கிட ஓர் அழகான வழி உண்டு. முதல் எதிரொலி மேலே வந்து நீர்ப்பரப்பில் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பி, மறுபடியும் கடலடிக்குச் சென்று வருகிறது. அதனால் பதிவில் இருமடங்கு நேரத்தில் இரண்டாம் எதிரொலி தோன்றும். அது கடலடியில் இருமுறை பட்டது. இருமடங்கு தொலைவு பயணம் செய்ததால் அதன் வீச்சு பாதியாகவும் குறைந்தது. எனவே இரண்டாம் எதிரொலியின் வீச்சை இரண்டால் பெருக்கி, முதலாவதன் வீச்சால் வகுத்தால் குணகம் கிடைத்துவிடும். முதலாவது 1000 அலகும் இரண்டாவது 190 அலகும் இருந்தால், குணகம் 0.38. கடலடி சமதளமாக உள்ள இடத்தில், பல துடிப்புகளின் சராசரியை எடுத்துக்கொண்டால்தான் இந்த எண்ணை நம்பலாம்.

படி 5: அடர்த்தியையும் துளைமையையும் கணக்கிடுங்கள்

அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கினால் வருவது ஒலி மறிப்பு. கடல்நீருக்கு அது 1025 × 1500, அதாவது சுமார் 15.4 லட்சம். இதை (1 + குணகம்) ÷ (1 − குணகம்) என்பதால் பெருக்கினால் படிவின் மறிப்பு வரும். 0.38 என்ற குணகத்துக்கு அது சுமார் 34 லட்சம். மணலுக்குரிய வேகமாக 1700 மீட்டரை எடுத்துக்கொண்டால் அடர்த்தி கனமீட்டருக்கு 2000 கிலோ. மணல்துகளின் அடர்த்தி 2650 என்பதால், (2650 − 2000) ÷ (2650 − 1025) = 0.40, அதாவது படிவின் கன அளவில் 40 சதவீதம் நீர்; இந்தப் பங்கே துளைமை. குணகம் 0.17 ஆக இருந்து, வேகம் 1480 என்று கொண்டால், இதே கணக்கில் நீர் 73 சதவீதமாகும், அது மென்சேறு.

சேற்றில் ஒலி நீரைவிட மெதுவாகச் செல்வது பலரைத் திகைக்க வைக்கிறது. நீர் நிறைந்த சேறு அமுக்கத்துக்கு ஏறக்குறைய நீரைப் போலவே இணங்குகிறது, ஆனால் எடை கூடியது; அதனால்தான் வேகம் குறைகிறது.

படி 6: ஏமாற்றும் இடங்களைக் கவனியுங்கள்

சேற்றில் சிறிதளவு வாயுக்குமிழிகள் இருந்தாலே ஒலிவேகம் வெகுவாகக் குறைந்து, எதிரொலி அலையின் மேடும் பள்ளமும் இடம் மாறித் திரும்பி, கீழுள்ள அடுக்குகள் மறைந்துபோகும். இறுகிய களிமண் மணலைப் போன்றே வலிய எதிரொலியைத் தரக்கூடும். படிவு எவ்வளவு உறுதியானது என்று அறியவேண்டுமென்றால் குறுக்கலைகள் (பரவும் திசைக்குக் குறுக்காகத் துகள்களை அசைக்கும் அலைகள்) தேவை. அவை நீரில் பரவுவதில்லை என்பதால், அதற்கான உணரிகளைக் கடலடியிலேயே வைக்கவேண்டும்.

படி 7: மண்மாதிரியோடு ஒப்பிடுங்கள்

குணகம் மாறும் இடங்களில், ஒவ்வொரு வகைப் படிவுக்கும் குறைந்தது ஒரு குழாய் மாதிரியாவது எடுத்து, அதன் அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் ஆய்வகத்தில் அளக்கவேண்டும். 5ஆம் படியில் நாம் ஊகித்த வேகத்துக்குப் பதிலாக அளந்த வேகத்தை இட்டு, அந்தக் கோடு முழுவதற்கும் கணக்கை மீண்டும் செய்யுங்கள்.