மறுவிதைப்புக்கும் சேர்த்துச் சாமை விதை எடுத்து வைப்பது எப்படி?

ஜவ்வாது மலையில், பீஞ்சமந்தைப் பக்கமானாலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கமானாலும், மலையாளி பழங்குடி மக்கள் ஆனி, ஆடி மழையை நம்பித்தான் சாமை விதைக்கிறார்கள். பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், நின்றால் வாரக்கணக்கில் ஓய்வதுமாகிவிட்ட காலநிலையில், முளைத்த பயிர் காய்ந்தால் வீட்டிலிருக்கும் விதைதான் கைகொடுக்கும். கைவிதைப்புக்கு ஏக்கருக்கு 5 கிலோ போதும். நீங்கள் மறுவிதைப்புக்கும் சேர்த்து 10½ கிலோ எடுத்து வையுங்கள்.

விதைக்கதிரை அறுவடைக்கு முன்பே, பயிர் நிற்கும்போதே குறிக்க வேண்டும். எரு கொட்டிய இடத்தில் செழித்த கதிர் கண்ணைப் பறிக்கும், அதை விடுங்கள். மண் குறைந்த மேட்டில், வறட்சியைத் தாங்கி மணி பிடித்த கதிர்தான் வேண்டும். கரிப்பூட்டை (மணி கரும்பொடியாகும் நோய்) கண்ட கதிரும் சாய்ந்த தூரும் கூடாது. முற்றியபின் நாள் கடத்தினால் மணி உதிரும். பனி ஈரம் காயாத காலையில் அறுத்தால் சேதம் குறைவு.

கோலால் தட்டியே விதையைப் பிரியுங்கள். டிராக்டர் ஏற்றினால் உமி வெடிக்கும், முளைப்பு குறையும். உமியோடு இருக்கும்வரைதான் சாமை ஆண்டுக்கணக்கில் தாங்கும். அரிசியாக்கினால் சில மாதத்தில் பூச்சியும் சிக்குவாடையும் வந்துவிடும்.

உச்சிவெயிலைத் தவிர்த்து, காலையும் மாலையுமாக மூன்று நான்கு நாள் காய வையுங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூடு ஆறியபிறகே பானையில் கொட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் நன்றாக உலர்த்திய நொச்சி, வேப்பிலையைக் கலந்து, வாயைத் துணிகட்டி மண்ணால் பூசி, தரையில் படாமல் பரண்மேல் வையுங்கள். பச்சை இலை போட்டால் அதன் ஈரமே விதையைக் கெடுக்கும். குறுகிய வயது, நீண்ட வயது விதைகளை ஒரே பானையில் கலக்காதீர்கள். ஒன்று முற்றி உதிரும்போது மற்றது பாலாக நிற்கும்.

வைகாசிக் கடைசியில் 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி, ஏழாம் நாள் எண்ணுங்கள். 75 முளைத்தால் நல்ல விதை. 60 என்றால் ஏக்கருக்கு 6¼ கிலோ போட வேண்டும்.

இரண்டு விரல் நனைக்கும் தூறலை நம்பி விதைக்காதீர்கள். ஒரு சாண் ஆழம் ஈரம் இறங்கட்டும். மணல் கலந்து தூவி, 2 முதல் 3 செ.மீ.க்குள் மூடுங்கள். ஆழம் கூடினால் முளை மேலே வராது. பயிர் போய்விட்டால், மீதி விதையை அடுத்த நல்ல மழைக்கு விதையுங்கள். அதற்குக் குறுகிய வயது விதையே ஏற்றது. பிந்திய பயிரைக் குருத்து ஈ அதிகம் தாக்கும் என்பதால் ஏக்கருக்கு அரைக் கிலோ கூட்டுங்கள். நடுக்குருத்து காய்ந்த செடியை உடனே பிடுங்குங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் சாமையை விட்டுக் கொள்ளு விதைப்பதே மேல். விதைக்காத சாமை அடுத்த ஆண்டுக்குப் பானையிலேயே இருக்கட்டும்.