தமிழில் வேகமாக வாசிக்க எந்த ஆப்? தேர்வு செய்யும் முறை, படிப்படியாக

பிளே ஸ்டோரில் 'ஸ்பீட் ரீடிங்' என்று தேடினால் வந்து நிற்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்காகச் செய்தவை. அதில் தமிழ்ப் பாடத்தை ஏற்றினால் எழுத்து உடையும். உடையாவிட்டாலும், வேகம் கூடியதுபோல் தெரியுமே தவிர படித்தது மனதில் தங்காது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள், அதாவது கேள்விக்கு 54 விநாடி. கடலூரில் அதற்கும், புதுச்சேரியில் எல்டிசி, யுடிசி எனும் அரசு எழுத்தர் தேர்வுகளுக்கும் தயாராகிறவர்கள் ஆப்பை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கழிக்காமல், கீழே உள்ள வரிசையில் போனால் ஒரே வாரத்தில் ஆப்பைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

படி 1: முதலில் கண்

நாற்பதைத் தாண்டியவர்கள் ஆப் தேடுவதற்கு முன் வெள்ளெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோனைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெளிகிறது என்றால் தேவை கண்ணாடிதான், ஆப் இல்லை. கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மாணவர்களும் தலைவலியோடு படிப்பதாக இருந்தால் முதலில் அங்கே போவது நல்லது.

படி 2: இப்போதைய வேகத்தை அளந்து பாருங்கள்

ஆங்கிலத்தில் பெரியவர்களின் சராசரி நிமிடத்துக்கு 238 சொல். இதை 2019-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த எண்ணைத் தமிழுக்கு வைத்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதும் ஒரு சொல், 'அது' என்பதும் ஒரு சொல். முன்னதில் 15 எழுத்து, பின்னதில் 2. அதனால் தமிழில் எழுத்தைத்தான் எண்ண வேண்டும்.

முன்பு படிக்காத, நடுத்தரக் கடினமுள்ள ஒரு கட்டுரையை எடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கிடைக்கும் வார, மாத இதழ்கள் இதற்குப் போதும். டைமரை 3 நிமிடம் வைத்து, வழக்கமான வேகத்தில் படித்து, மணி அடித்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு ஐந்து வரிகளின் எழுத்துகளை எண்ணிச் சராசரி எடுங்கள். புள்ளி வைத்த எழுத்தும் ஒன்று, 'கொ' என்பதும் ஒன்று. ஐந்து வரியில் 140 எழுத்து என்றால் வரிக்கு 28. மூன்று நிமிடத்தில் 84 வரி படித்திருந்தால் 84 × 28 = 2352, அதை 3-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 784 எழுத்து.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இதழை மூடிவிட்டு, படித்ததில் ஐந்து விஷயங்களை எழுதிப் பாருங்கள். நான்குக்குக் குறைந்தால் அந்த 784 உங்கள் வேகம் அல்ல. இரண்டு எண்ணையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்: 784 – 4.

படி 3: கோப்பைச் சோதியுங்கள்

எந்த ஆப்பாக இருந்தாலும் உள்ளே போகும் கோப்பு சரியில்லை என்றால் பலனில்லை. தமிழில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிடிஎஃப். அதன் பக்க அளவு மாறாது என்பதால் ஃபோனில் பெரிதாக்கி, இடம் வலம் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண் இடம் தவறும். வேகம் போவது இங்கேதான்.

பிடிஎஃப்பில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்துக் காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பும் செய்தியில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

தமிழாகவே வந்தால் யூனிகோடு (எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற எழுத்துக் குறியீடு) கோப்பு, கவலை இல்லை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலங்கி வந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் என்எச்எம் கன்வர்ட்டர் போட்டு யூனிகோடுக்கு மாற்றலாம். சொல் பிடிபடவே இல்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் டிரைவைத் திறந்து கோப்பை ஏற்றி, ரைட் கிளிக் செய்து, 'ஓபன் வித்' வழியாக கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்தில் உள்ள தமிழை எழுத்தாக மாற்றித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும். பெரிய புத்தகத்தைச் சில பக்கங்களாக வெட்டி ஏற்றுங்கள், மொத்தமாகக் கொடுத்தால் பின்பக்கங்கள் விடுபடும். செய்தித்தாள்போல் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கங்களில் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும். துணைக்காலும் 'ர'வும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இடம் மாறி விழும். ஒருமுறை திருத்திவிட்டு, ஃபைல் மெனுவில் டவுன்லோடு போய் 'இபப்' (EPUB, திரையின் அளவுக்கேற்ப வரிகள் தாமே மடியும் மின்னூல்) வடிவில் இறக்குங்கள்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் கோப்பாகவே இலவசப் புத்தகங்கள் கிடைக்கின்றன. பழைய இலக்கியத்துக்கு, 1998-ல் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் இருக்கிறது.

படி 4: வாசிக்கும் ஆப்

தொடக்கத்துக்கு ரீட்எரா போதும். இலவசம், விளம்பரம் கிடையாது, இபப் நன்றாகத் திறக்கும். மூன் பிளஸ் ரீடரில் அமைப்புகள் அதிகம், புதியவர்களுக்குக் குழப்பமும் அதிகம். பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு வேண்டுமானால் கேஓரீடர் பொருத்தம். அதன் முகப்பு கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், ஆனால் புள்ளிவிவரம் தானாகச் சேரும்.

எழுத்தளவை ஒரு வரியில் நான்கைந்து சொல் வரும்படி வையுங்கள். இதைவிடப் பெரிதாக்கினால் நீளமான தமிழ்ச் சொற்கள் அடுத்த வரிக்குத் தாவி, வரிகள் பாதி வெறுமையாக நிற்கும். இரு ஓரமும் சமமாக நிற்கும் அமைப்பை நிறுத்திவிட்டு இடது ஓரச் சீரமைப்பை வையுங்கள், சொற்களுக்கிடையே ஓட்டை விழாது. வரி இடைவெளியைச் சற்றே கூட்டுங்கள், மேல் கொம்பும் கீழ்ச் சுழியும் உரசாமல் இருக்கும். உருட்டிப் படிப்பதை விட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டும் முறைக்கு மாறுங்கள். உருட்டினால் விட்ட இடத்தைக் கண் ஒவ்வொரு முறையும் தேட வேண்டிவரும்.

படி 5: ஒற்றைச் சொல்லாக ஓடும் ஆப்கள்

திரையின் நடுவில் ஒவ்வொரு சொல்லாக மின்னவைக்கும் ஸ்பிரீடர் போன்றவை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். முதலில் 'கொண்டிருந்தார்கள்', 'ஸ்ரீ', 'க்ஷேத்திரம்' ஆகிய மூன்றையும் ஒட்டிப் பாருங்கள். 'கொ'வில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்தாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் (◌) தெரிந்தாலோ அந்த ஆப்பை அப்போதே நீக்கிவிடுங்கள். கண் நிற்க வேண்டிய எழுத்தைச் சிவப்பாகக் காட்டுவது இவற்றின் வழக்கம்; எழுத்தின் ஒரு துண்டுக்கு மட்டும் அந்த நிறத்தைக் கொடுக்கப் போய் உடைத்திருக்கிறது.

உடையாவிட்டாலும் சிக்கல் தீராது. நிமிடத்துக்கு 300 சொல் என்று வேகம் வைத்தால் சொல்லுக்கு 0.2 விநாடி. எளிய அமைப்பில் 'அது'வுக்கும் அதே நேரம், 15 எழுத்துச் சொல்லுக்கும் அதே நேரம். புரியாத இடத்தில் கண் பின்னால் போகவும் வழியில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ ஆய்வாளர்கள் 2014-ல் இதைச் சோதித்தார்கள். திரும்பிப் பார்க்க விடாமல் தடுத்தபோது புரிதல் குறைந்தது. செய்தித் தலைப்புக்கு வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள், சட்டப் பிரிவுக்கும் வரலாற்றுக்கும் வேண்டாம்.

சொல்லின் முன்பாதியைத் தடிமனாக்கிக் காட்டும் 'பயானிக்' முறையும் அப்படித்தான். 2024-ல் வந்த ஆய்வில் வேகம் கூடவில்லை. தமிழில் காலமும் இடமும் வேற்றுமையும் சொல்லின் பின்பாதியில் இருக்க, முன்பாதியைக் காட்டி என்ன பயன்?

படி 6: குரலோடு சேர்த்துப் படிப்பது

உண்மையில் கைகொடுப்பது இதுதான். ஃபோன் செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடி, கூகுள் குரல் சேவையைத் தேர்ந்து, தமிழ்க் குரல் தரவை வைஃபை இருக்கும்போதே இறக்கிவையுங்கள். ரீட்எராவில் வாசிக்கச் சொல்லி, குரல் போகும் இடத்திலேயே கண்ணையும் கொண்டுபோங்கள். முதல் மூன்று நாள் இயல்பான வேகம், பிறகு 1.1, பிறகு 1.2. நாளுக்கு 10 நிமிடம் போதும். கண் பின்னால் ஓடும் பழக்கம் குறைவது தெரியும். குரலை நிறுத்திவிட்டு உடனே 5 நிமிடம் அமைதியாகப் படித்து அந்த ஓட்டத்தைத் தக்கவையுங்கள்.

திரை அணைந்ததும் குரல் நின்றால், பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அந்த ஆப்பை விலக்குங்கள். பஸ்ஸில் அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நின்று நின்று போகும்போது திரையைப் பார்க்காதீர்கள், காதால் மட்டும் கேளுங்கள். ஆட்டத்தில் வரி தவறும், தலையும் சுற்றும்.

படி 7: வாரம் ஒருமுறை மறு அளவீடு

ஞாயிறு காலை, அதே இதழின் வேறு கட்டுரையில், படி 2-ஐ மீண்டும் செய்யுங்கள். 784 – 4 என்பது 850 – 4 ஆனால் அந்த ஆப் வேலை செய்கிறது. 950 – 2 ஆனால் குரல் வேகத்தை 0.1 குறைத்து இன்னொரு வாரம் பாருங்கள். மூன்று வாரமும் எண் அசையவில்லை என்றால் ஆப்பை மாற்ற வேண்டாம், கட்டுரையை மாற்றுங்கள். பொருளாதாரமோ அரசியலமைப்போ, அதன் கலைச்சொற்களே பழகாமல் இருந்தால் அந்தப் பாடத்தின் 30 சொற்களைத் தனியே எழுதிப் பொருள் பார்த்துவிட்டு, பிறகு டைமரைத் தொடுங்கள்.